ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலை ஸார்!

மாதக் கடைசி. காலை மணி பத்து. டெஸ்க்டாப்பின் பட்டனை அழுத்துகிறீர்கள். உள்ளே ஃபேன் 'உய்ய்ங்' என்று சுற்றுகிறது. கேபினெட்டின் முன்னால் விளக்கு ஜம்மென்று எரிகிறது. எதிரே மானிட்டர் மட்டும்... அமாவாசை!

அணைத்துப் போடுகிறீர்கள். அமாவாசை. இன்னொரு தடவை. அதே அமாவாசை. மானிட்டர் மண்டையில் செல்லமாக இரண்டு தட்டு (பழைய டி.வி. பெட்டிகள் நமக்குக் கற்றுக்கொடுத்த வைத்தியம்!). ஊஹூம்.

இதற்குள் பக்கத்து ஸீட்டுக்காரர்கள் கூடிவிடுவார்கள். "மதர்போர்டு போயிருக்கும் ஸார்" என்பார் ஒருவர். "ஹார்டு டிஸ்க் அவுட்டு. டேட்டா எல்லாம் கோவிந்தா!" என்பார் அடுத்தவர். "ஃபார்மட் அடிச்சா சரியாப் போயிடும்" என்பார் மூன்றாமவர். மூவருமே ஸ்க்ரூ டிரைவரைக் கையால் தொட்டதில்லை என்பதைக் கவனிக்கவும்.

கொஞ்சம் பொறுங்கள். 'படம் வரலை' என்பது வேறு. 'கம்ப்யூட்டர் செத்துப் போச்சு' என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் பர்ஸும், வருஷக்கணக்கில் நீங்கள் சேர்த்து வைத்த ஃபைல்களும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், இருநூறு ரூபாய் கேபிளில் முடியவேண்டிய விஷயம் புது மதர்போர்டில் போய் முடியும். அதைவிட மோசம்... நல்லா இருக்கிற டிஸ்க்கை யாராவது துடைத்துக் கொடுத்துவிடுவார்கள்!

இதற்கு வைத்திய முறை ஒன்றுதான். வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும். காசு செலவில்லாததில் ஆரம்பித்துச் செலவு வைப்பதற்குப் போகவேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். நாலைந்தை ஒன்றாகக் கழற்றி மாட்டினால் எது குணப்படுத்தியது என்று பகவானுக்கே தெரியாது.

ஒரு நிபந்தனை. ஆபீஸ் மெஷின் என்றாலோ, வாரன்ட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, கேபினெட்டைத் திறக்காமல் செய்யக்கூடியவற்றோடு நிறுத்திக்கொண்டு, உரியவரைக் கூப்பிடுங்கள். வேலையும் முக்கியம்!

மானிட்டரை முதலில் விசாரியுங்கள்

மானிட்டரில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவே இல்லை என்றால் பவர் கேபிள், பிளக், மானிட்டரின் சொந்த ஸ்விட்ச், யு.பி.எஸ். என்று வரிசையாகப் பாருங்கள். நம் ஊர் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸிலும் மானிட்டர் சாதா லைனிலும் இருப்பது சகஜம். துப்புரவு செய்ய வந்தவர் துடைப்பத்தோடு பிளக்கையும் கொஞ்சம் 'பெருக்கி'யிருக்கலாம்.

விளக்கு எரிகிறதா? பல மானிட்டர்களில் வேலை நேரத்தில் நீலம், பச்சை அல்லது வெள்ளை, தூங்கும்போது ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால், 'நான் ரெடி, எனக்கு எதுவும் வரலை' என்று அர்த்தம்.

இப்போது கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளை மானிட்டர் பக்கம் கழற்றிவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்துப் போடுங்கள். 'நோ சிக்னல்' என்றோ, 'கேபிளைச் சரி பாருங்கள்' என்றோ ஆங்கிலத்தில் ஒரு பெட்டி மிதந்தால் மானிட்டர் நிரபராதி. விடுதலை செய்துவிடலாம்.

விளக்கு சரியாக எரிகிறது, ஆனால் திரை கறுப்பு... இங்கே ஒரு துப்பறியும் வேலை இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படமோ எழுத்தோ தெரிந்தால், கம்ப்யூட்டர் ஒழுங்காகவே வேலை செய்கிறது. மானிட்டரின் பின்விளக்குதான் அவுட்.

அடுத்தது, மானிட்டரின் 'ஸோர்ஸ்' பட்டன். வி.ஜி.ஏ., ஹெச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் என்று இரண்டு மூன்று வாசல்கள் இருக்கும். நீங்கள் ஒரு வாசலில் கேபிளைச் செருகிவிட்டு, அது இன்னொரு வாசலில் காத்துக்கொண்டிருந்தால், கல்யாண வீட்டில் பந்தி மாறி உட்கார்ந்த கதைதான்.

கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பழைய வி.ஜி.ஏ. என்றால் ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து ஊசிகளில் ஒன்று இல்லாமலே பல கேபிள்கள் வரும். அது அப்படித்தான், பதற வேண்டாம். கைவசம் வேறு கேபிள் இல்லையா? வீடாக இருந்தால், ஹெச்.டி.எம்.ஐ. உள்ள டி.வி.யைக் கம்ப்யூட்டருக்கு மாட்டிப் பாருங்கள். டி.வி.யில் படம் வந்தால், சீரியல் பார்ப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புது மானிட்டரோ கேபிளோ வாங்கக் கிளம்பலாம்.

உள்ளே உயிர் இருக்கா?

மானிட்டர் நிரபராதி என்று முடிவானதும் கம்ப்யூட்டருக்கு நாடி பார்க்க வேண்டும். நாடி எங்கே? கீ போர்டில்!

பட்டனை அழுத்தி ஒரு நிமிஷம் காத்திருங்கள். பிறகு கேப்ஸ் லாக் அல்லது நம் லாக் கீயைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அந்தக் குட்டி விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? சபாஷ்! ப்ராஸஸர், ரேம், மதர்போர்டு எல்லாம் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. படம் மட்டும்தான் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. (சில ஒயர்லெஸ் கீ போர்டுகளில் விளக்கே இருக்காது. ஒயர் உள்ள ஒன்றைக் கடன் வாங்குங்கள்.)

விளக்கு அசையவில்லை என்றால், கம்ப்யூட்டர் துவக்கத்திலேயே எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபேன் சுற்றுவதை வைத்து ஏமாறாதீர்கள். ஃபேன் சுற்ற மின்சாரம் போதும், மூளை தேவையில்லை. (சில மேனேஜர்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு விநாடி சுற்றி நின்று, மறுபடி சுற்றி நின்று மூச்சு வாங்குகிறதா? எங்கோ ஷார்ட், அல்லது எஸ்.எம்.பி.எஸ்., ரேம், ப்ராஸஸர் இவற்றில் ஒன்று தகராறு. பென் டிரைவ், பிரின்டர், வெப் கேமரா என்று யு.எஸ்.பி.யில் தொங்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். கெட்டுப்போன ஒரு பென் டிரைவ் மொத்த மெஷினையும் முடக்கிப் போட முடியும்.

பீப்... பீப்... என்ன சொல்லுது?

கம்ப்யூட்டர் கண் திறப்பதற்கு முன் தன்னைத்தானே ஒரு பரிசோதனை செய்துகொள்ளும். 1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் 'பி.சி.'யை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து உள்ள வழக்கம் இது. எல்லாம் சரியென்றால் சின்னதாக ஒரு 'பீப்'. ஸ்கிரீனே வராதபோது குறையை எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இந்த ஒலி பாஷை.

ஒரு நீளம், இரண்டு குட்டி பீப் என்றால் பல மதர்போர்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டு சரியில்லை என்று அர்த்தம். விடாமல் நீளமாகக் கத்திக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ரேம். கம்பெனிக்குக் கம்பெனி பாஷை மாறும் என்பதால், உங்கள் மதர்போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்கான கையேட்டைச் செல்போனிலேயே தேடிப் பாருங்கள்.

"எங்க மெஷின் பீப்னே சொல்லாதே ஸார்?" புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் வைப்பதில்லை. அதற்குப் பதிலாக, பல போர்டுகளின் ஓரத்தில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நாலு குட்டி விளக்குகள் இருக்கும். துவங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அதுதான் ஆசாமி! சில பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் டெஸ்க்டாப்புகளில் பவர் பட்டனே கலர் மாற்றிக் கண் சிமிட்டிச் சேதி சொல்லும். எத்தனை சிமிட்டல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குப் போன் போடும்போது அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

ரப்பர் வைத்தியம்

இப்போதுதான் கேபினெட்டைத் திறக்கிறோம். ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, கம்ப்யூட்டரின் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஏ.ஸி. ரூமின் வறண்ட காற்றில் நம் உடம்பில் சேரும் நிலை மின்சாரம், சிப்புக்கு எமன்.

முதல் குற்றவாளி ரேம். அதன் அடியில் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். தூசியும் ஈரமும் படிந்து அங்கே தொடர்பு விட்டுப்போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற விஷயம். இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி ரேமைக் கழற்றுங்கள். பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் பற்களை லேசாகத் துடையுங்கள். இங்க் அழிக்கிற சொரசொர ரப்பர் கூடாது, முலாமே போய்விடும். ரப்பர்த் தூளை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைத்துத் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டில் உள்ள தூசியைச் சின்ன பிரஷ்ஷால் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்!

மாட்டும்போது 'டக்' என்று கொக்கி விழவேண்டும். ரேமைக் கழற்றி மாட்டியவர்கள் பலர் கோட்டை விடுவது இந்த 'டக்'கில்தான். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் போடுங்கள். வரவில்லையா, மற்றதை மட்டும். அதுவும் இல்லையா, ஸ்லாட்டை மாற்றுங்கள். நாலு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில், இரண்டு ரேமை ப்ராஸஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடவேண்டும்.

டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புது மெஷினா? உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். ரேமை மாற்றிய பிறகு முதல் தடவை போடும்போது, அது ரேமோடு பேசிப் பழகிக்கொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை ஸ்கிரீன் கறுப்புதான். பதறிப்போய் அணைத்து அணைத்துப் போட்டால் பாவம், அது திரும்பத் திரும்ப ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

தப்பு வாசலில் செருகினால்...

மெஷினுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், பின்பக்கம் இரண்டு இடத்தில் படத்துக்கான வாசல்கள் இருக்கும். மேலே மதர்போர்டுடையது, கீழே கார்டுடையது. கார்டு இருக்கும்போது பல போர்டுகள் மேல் வாசலை அடைத்துவிடும். மேஜையை நகர்த்திப் பெருக்கிவிட்டு அவசரத்தில் மேலே செருகினால் அமாவாசைதான். கீழே மாற்றினால் பௌர்ணமி!

அங்கேயும் வரவில்லையா? கார்டைக் கழற்றி மாட்டுங்கள். அதற்குத் தனியாக வரும் ஆறு அல்லது எட்டு ஊசி பவர் ஒயர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அப்படியே ப்ராஸஸர் பக்கத்தில் செருகும் நாலு அல்லது எட்டு ஊசி ஒயரையும் பாருங்கள். தூசி தட்டியபின் இதை மாட்ட மறந்தால், ஃபேன் எல்லாம் சுற்றும், படம் மட்டும் வராது.

கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டு வாசலில் சோதிப்பது நல்ல வழி. ஆனால் ஒரு கண்டிஷன். இன்டெல் ப்ராஸஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் (உதாரணம்: ஐ5-12400எஃப்) அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி. ரைஸன் 5000 வரிசையில் 'ஜி' எழுத்து இல்லாத டெஸ்க்டாப் சிப்புகளும் அப்படியே. இவற்றில் கார்டை எடுத்துவிட்டுப் படத்தைத் தேடுவது, பல்பைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தைத் தேடுகிற மாதிரி!

காசு மாதிரி ஒரு பேட்டரி

மதர்போர்டில் வெள்ளிக்காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர்.2032, மூன்று வோல்ட். கடிகாரத்தையும் துவக்க செட்டிங்குகளையும் ஞாபகம் வைத்திருக்க உதவுவது அது. ரேம் வேகத்தைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று யாராவது செட்டிங்கில் கை வைத்திருந்தால் மெஷின் முழித்துக்கொண்டு நிற்கும். பவர் கார்டைப் பிடுங்கியபின் பேட்டரியை எடுத்து, பத்து நிமிஷம் கழித்து மாட்டினால், பெரும்பாலும் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிவிடும். பேட்டரியே பழசு என்றால் மாற்றிவிடுங்கள். டீ, பஜ்ஜி செலவுதான்.

ஆனால், அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு போட்டிருந்தால், செட்டிங் மாறியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவி கேட்கலாம். சொந்த மெஷின் என்றால் அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோஸாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். ஆபீஸ் மெஷின் என்றால் சிஸ்டம் அட்மினிடம் இருக்கும். சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டரியில் கை வையுங்கள்.

உலகமே இருண்ட ஒரு திங்கட்கிழமை

கறுப்பு ஸ்கிரீன் சரித்திரத்தில் மறக்க முடியாத நாள் 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-ல் எழுதிய 'சி.ஐ.ஹெச்.' என்ற வைரஸ் (அவருடைய இனிஷியல்தான்!) அன்றைக்கு விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்த தேதியும் ஏப்ரல் 26 என்பதால் 'செர்னோபில் வைரஸ்' என்றும் பெயர் விழுந்தது. விண்டோஸ் 95, 98 மெஷின்களில் புகுந்திருந்த அது இரண்டு காரியம் செய்தது. ஒன்று, டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியை அழித்தது. இரண்டு, சில வகை மதர்போர்டுகளில் துவக்கக் கட்டளைகள் இருக்கும் 'பயாஸ்' சிப்பில் குப்பையை எழுதியது. ஆசிய நாடுகளுக்கு அடி பலம். பயாஸ் போன மெஷின்களில் பட்டனை அழுத்தினால் ஸ்கிரீனில் ஒரு புள்ளி கூட வரவில்லை.

'எல்லாம் போச்சு' என்று தலையில் கை வைத்தவர்கள் நிறைய. ஆனால் சிப்பை மாற்றியோ, மறுபடி எழுதியோ பல மெஷின்களை எழுப்ப முடிந்தது. டிஸ்க்கிலும் அழிந்தது முன்பகுதிதான். பின்னால் இருந்த ஃபைல்களைப் பல இடங்களில் மீட்டார்கள். அவசரப்பட்டு ஃபார்மட் செய்து வேலையை ஆரம்பித்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் நழுவியது.

இன்றைக்கும் இதில் பாடம் உண்டு. பயாஸை அப்டேட் செய்யும்போது பாதியில் கரன்ட் போனால் இதே அமாவாசை வரலாம். மழையும் இடியுமாக இருக்கிற நாளில், யு.பி.எஸ். இல்லாமல் அந்த விஷப் பரீட்சை வேண்டாம்.

லோகோ வந்துட்டு இருட்டினால்?

இது வேறு வியாதி. கம்பெனி லோகோ தெரிந்து, விண்டோஸ் வரும் நேரத்தில் கறுத்தால், மேலே சொன்ன ரேம், பேட்டரி எதையும் தொடவேண்டாம். பெரும்பாலும் சாஃப்ட்வேர் சமாசாரம்.

விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (B) இல்லை என்று தேடாதீர்கள்; ஆங்கில வரிசையின் இரண்டாவது எழுத்துதான். நாலையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி துவங்கும். சட்டென்று படம் வந்துவிடலாம். மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, டாஸ்க் மானேஜரில் 'எக்ஸ்ப்ளோரர்' புரோகிராமை ஓடவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸ் துவங்கும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால், ரிப்பேர் மெனு தானாக வரும். அதில் 'ஸேஃப் மோட்' போய், கடைசியாகப் போட்ட டிரைவரைப் பழையதாக்கினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கடைக்காரரிடம் என்ன பேசணும்?

எல்லாம் செய்தும் அமாவாசை நீடித்தால், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, ப்ராஸஸர் இந்த மூன்றில் ஒன்று. வேறு ஒன்றை மாட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்குக் கடைக்குப் போவதே மரியாதை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அடித்தால் உங்கள் ஸ்கிரீன் கறுத்துவிடும்!

கிளம்புவதற்கு முன்னால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். ஹார்டு டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ செத்தால் ஸ்கிரீன் கறுக்காது. லோகோ வரும்; 'துவக்க டிஸ்க் இல்லை' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பட்டனை அழுத்தியதிலிருந்தே கறுப்பு என்றால் வியாதி டிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. லோகோவே வராத மெஷினை ஃபார்மட் செய்து குணப்படுத்த யாராலும் முடியாது. கால் வலிக்குத் தலையை மொட்டை அடிக்கிற வைத்தியம் அது!

ஆகவே, முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் கொடுங்கள். முடியாவிட்டால், 'என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே, "மானிட்டரை வேற மெஷின்ல பார்த்துட்டேன், நல்லா இருக்கு. ரேமை ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தாச்சு. டிராம் விளக்கு அணையலை" என்று மூன்று வரி சொல்லிப் பாருங்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நிமிர்ந்து உட்காருவார். எஸ்டிமேட்டும் கொஞ்சம் பயத்தோடு வரும்.

படம் திரும்பி வந்ததும் முதல் வேலை என்ன? ஒரு நல்ல காப்பி. டம்ளரில் இல்லை ஸார், இன்னொரு டிஸ்க்கில்!